பெயர் தெரியாத பாட்டா, பெயர் எழுதாத பாட்டா? 'என்ஜாய் எஞ்சாமி' தனிப்பாடலும் அதற்குக் கிடைத்த வரவேற்பும்

நாட்டுப்புறப் பாடல் நடத்தும் நாளில் நான் வெண்பலகையில் எப்போதும் ஒரு பட்டியல் எழுதுவேன். வாய்மொழியாகப் பரவுவது, எளிய பேச்சு மொழியில் அமைவது, அடிகள் திரும்பத் திரும்ப வருவது, ஆசிரியர் பெயர் அறியப்படாதது. மாணவர்கள் நான்கையும் அப்படியே எழுதிக்கொள்வார்கள். தேர்வில் கேட்டால் அப்படியே ஒப்பிப்பார்கள். நாமும் புள்ளி போட்டுவிடுவோம்.

2022 ஆகஸ்டில் ஒருநாள் ஐந்தாம் படிவ வகுப்பில் நான்காவது வரியை எழுதிவிட்டுத் திரும்பினேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கை தூக்கினாள்.

"டீச்சர், அப்போ எஞ்சாமி பாட்டுல வர்ற ஒப்பாரி யாரோடது? அறிவோடதா, அவரு பாட்டியோடதா, இல்ல யாருக்குமே சொந்தம் இல்லையா?"

வகுப்பு சிரித்தது. அந்த வாரம் முழுக்க இணையத்தில் அந்தப் பாட்டைப் பற்றித்தான் சண்டை. எனக்குச் சிரிப்பு வரவில்லை, பதிலும் வரவில்லை. "அது பாடத்துல இல்லம்மா, பிறகு பேசலாம்" என்று தப்பித்துக்கொண்டேன். பிறகு பேசவே இல்லை. அவள் எஸ்.பி.எம். எழுதிப் போய்விட்டாள். அன்று சொல்லாத பதிலை இப்போதாவது எழுதிப் பார்க்கிறேன். நம் ஆசிரியர்களுக்கும், திறனாய்வுக் கட்டுரை எழுதப் பழகும் மாணவர்களுக்கும் இது உதவக்கூடும்.

பாட்டு வந்த விதம்

2021 மார்ச் 7ஆம் நாள் 'என்ஜாய் எஞ்சாமி' வலையொளியில் வெளியானது. அப்போது இங்கே நம் நிலைமை எப்படி இருந்தது என்று நினைவிருக்கும். பெருந்தொற்றால் தள்ளிப்போன 2020ஆம் ஆண்டின் எஸ்.பி.எம். தேர்வு 2021 பிப்ரவரி 22இல்தான் தொடங்கியிருந்தது. மற்ற இடைநிலைப் பள்ளி மாணவர்கள் வீட்டில் இருந்தபடி இயங்கலையில் படித்துக்கொண்டிருந்தார்கள். என் வகுப்புப் புலனக் குழுவில் இடுபணியை யாரும் அனுப்பவில்லை. பாட்டின் இணைப்பை மட்டும் ஒரே நாளில் ஆறு பேர் அனுப்பினார்கள்!

பாட்டைப் பாடியவர்கள் இருவர். ஒருவர் தீ, இலங்கைத் தமிழ்ப் பின்னணி கொண்டவர், ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர், 'ரௌடி பேபி' பாடலால் நம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்தவர். மற்றவர் அறிவு, அரக்கோணத்துக்காரர், சென்னையின் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவில் சொல்லிசை பாடி அறிமுகமானவர். பாட்டின் வரிகள் அறிவுடையவை. இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். அவர் தீயின் வளர்ப்புத் தந்தை. காணொளியை இயக்கியவர் அமித் கிருஷ்ணன். வெளியிட்டது 'மாஜா' என்ற புதிய இசைத்தளம். அதற்கு ஏ. ஆர். ரகுமானின் ஆதரவு இருந்தது.

இது சினிமாப் பாட்டு அல்ல. எந்தப் படத்திலும் வரவில்லை, எந்தக் கதாநாயகனும் ஆடவில்லை. இப்படிப் படமோ இசைத்தொகுப்போ இல்லாமல் தனியாக வெளிவருவதை ஆங்கிலத்தில் 'சிங்கிள்' என்கிறார்கள். ராக், மாற்று ராக் குழுக்கள் பல பத்தாண்டுகளாகத் தங்கள் பெயரை நிலைநாட்டியது இப்படித்தான். தமிழில் சினிமாவுக்கு வெளியே பாட்டு எடுபடாது என்று ஒரு பேச்சு உண்டு. மலேசியாவில் இருக்கிற நமக்கு அது முழு உண்மை இல்லை என்று முன்பே தெரியும். யோகி பி, நட்சத்திரா குழுவின் 'வல்லவன்' தொகுப்பு 2006இலேயே வந்துவிட்டது. இங்கிருந்து போன சொல்லிசையைத் தமிழ்நாடே திரும்பிப் பார்த்தது. ஆனாலும் 'எஞ்சாமி' அளவுக்கு எந்தத் தனிப்பாடலும் பரவியதில்லை. ஓராண்டு சொச்சத்தில் 40 கோடிப் பார்வைகளைத் தாண்டிவிட்டது.

தமிழாசிரியர்களுக்கு 'தனிப்பாடல்' என்ற சொல் புதிதல்ல. காளமேகம், ஒளவையார் பாடியவையாக வழங்கும் தனிப்பாடல்களை நாம் நடத்தும்போது, பாட்டை விட்டாலும் அதன் கதையை விடமாட்டோம். யார் பாடினார், எந்த ஊரில், யாரைப் பார்த்து, ஏன் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் பொருளுக்கே வருவோம். அதாவது தனிப்பாடல் என்றாலே பாடியவர் பெயர் கூடவே வரும். நாட்டுப்புறப் பாடலில் பெயர் வராது. 'எஞ்சாமி' இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. அதன் அடியில் ஒப்பாரி இருக்கிறது. மேலே ஒரு நவீன தனிப்பாடலின் உரிமைப் பட்டியல் இருக்கிறது. பின்னால் வந்த சண்டைக்கு வேர் இங்கேதான் என்று நினைக்கிறேன்.

பாட்டுக்குள் என்ன இருக்கிறது?

முதலில் தலைப்பு. 'என் சாமி' என்பது பேச்சில் 'எஞ்சாமி' ஆகிறது. கூலியாள் நிலக்காரரைக் கும்பிட்டு அழைத்த சொல் 'சாமி'. அதே சொல்லைத்தான் பாட்டி பேரப்பிள்ளையைக் கொஞ்சும்போது 'எஞ்சாமி, எந்தங்கம்' என்கிறாள். அடிமையின் சொல்லும் அன்பின் சொல்லும் ஒன்றாக இருப்பதை அறிவு கண்டுபிடித்து, பக்கத்தில் 'என்ஜாய்' என்ற ஆங்கிலச் சொல்லை ஓசைக்காக வைக்கிறார். மோனை அழகாக விழுகிறது. 'அனுபவி என் செல்லமே' என்றும் கேட்கலாம். 'நீ அனுபவி சாமி, நான் உழைக்கிறேன்' என்றும் கேட்கலாம். முதலாவது கொஞ்சல், இரண்டாவது குத்தல். சொல் ஒன்று, பொருள் இரண்டு. சிலேடை நடத்த இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

அடுத்து, பாட்டின் வேர். அறிவின் பாட்டி வள்ளியம்மாள். அவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இந்தியா திரும்பிய தலைமுறையைச் சேர்ந்தவர். காணொளியிலும் அவர் வருகிறார். இதன் பின்னணி மாணவர்களுக்குத் தெரிய வேண்டும். பிரிட்டிஷார் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து இலங்கை மலையகத்துக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் முதலில் காப்பித் தோட்டங்களிலும், பிறகு தேயிலைத் தோட்டங்களிலும் உழைத்தார்கள். சுதந்திரம் வந்த 1948இல் புதிய குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அந்த மக்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று முடிவானது. தலைமுறை தலைமுறையாகக் காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதை நினைவில் வைத்துக்கொண்டு பாட்டைக் கேட்டால், அதில் வரும் 'தோட்டம்' என்ற சொல்லின் கனம் புரியும். மரம் வைத்து வளர்த்தவருக்கு அந்தத் தோட்டத்தில் தாகம்கூடத் தீரவில்லை என்று ஒப்பாரிப் பகுதி புலம்புகிறது. தமிழ்நாட்டு நகரவாசிக்குத் தோட்டம் என்றால் பூந்தோட்டமோ காய்கறித் தோட்டமோதான். மலையகத் தமிழருக்கும் நமக்கும் தோட்டம் என்றால் எஸ்டேட். லயம், பெரட்டு, கங்காணி, கிராணி, பால்வாளி எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கு துறைமுகத்தில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். செபராங் பிறையில் முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த இடங்களில் இன்று வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. அங்கே உழைத்தவர்களில் எத்தனை பேருக்கு அங்கே ஒரு வீடு கிடைத்தது? இந்தக் கேள்வியோடு கேட்டால் இது நம்ம பாட்டும்தான்.

இசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒப்பாரியை ஆட்டத் தாளத்தில் போட்டுவிட்டார்கள், துக்கம் கரைந்துவிட்டது என்று ஒரு மூத்த ஆசிரியர் என்னிடம் வருத்தப்பட்டார். நான் அப்படி நினைக்கவில்லை. நம் சாவு வீடுகளில் பறையும் ஆட்டமும் ஒப்பாரியும் ஒரே வாசலில்தான் நடந்திருக்கின்றன. உள்ளே பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழ, வெளியே ஆண்கள் ஆடுவார்கள். சந்தோஷ் நாராயணன் அந்த வாசலை அப்படியே கணினி ஒலிக்குள் கொண்டுவந்திருக்கிறார். தாளம் துள்ளும்போதும் தீயின் குரல் இறுக்கமாக, அழுகையை அடக்கிய குரலாக நிற்கிறது. அறிவின் குரல் உள்ளே நுழைந்ததும் அந்த அடக்கம் உடைகிறது. இந்த ஏற்பாடு இல்லாமல் இத்தனை கோடிப் பேர் கேட்டிருக்க மாட்டார்கள். இசையமைத்தவரின் பங்கையும் பாடகியின் பங்கையும் குறைத்துப் பேசுவது நியாயமாகாது.

குறை ஒன்று உண்டு. பாட்டின் சில பகுதிகள் செடி, கொடி, பறவை, விலங்கு என்று அடுக்கிக்கொண்டே போகின்றன. பூமி எல்லா உயிருக்கும் பொது என்ற கருத்து நல்லதுதான். ஆனால் அந்த அடுக்கில் தேயிலைத் தோட்டத்துக் கிழவி மறைந்துபோகிறாள். 'இயற்கையைப் போற்றும் பாட்டு' என்று மட்டும் எடுத்துக்கொண்டு ஆடுவதற்குப் பாட்டே ஒரு வழியைத் திறந்துவிடுகிறது. பலர் அந்த வழியில்தான் போனார்கள். என் மாணவர்களில் பாதிப் பேர் இதைச் சுற்றுச்சூழல் பாட்டு என்றே நினைத்திருந்தார்கள்.

வரவேற்பும் சண்டையும்

வெளியான உடனே எங்கும் பாராட்டுதான். பிள்ளைகள் ஆடிக் காணொளி போட்டார்கள். திருமண விருந்துகளில் ஒலித்தது.

சிக்கல் 2021 ஆகஸ்டில் வெளியே தெரிந்தது. 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழ் தன் அட்டையில் தீயையும் கனடாத் தமிழ்ச் சொல்லிசைக் கலைஞர் ஷான் வின்சென்ட் டி பாலையும் போட்டது. இருவரையும் 'மாஜா'வின் வெற்றிப் பாடல்களோடு சேர்த்துப் பேசியது. அறிவின் படம் இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். தலித் கலைஞர் ஒருவரின் உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கப்படுகிறது என்று பலரும் எழுதினார்கள். அதன்பின் அந்த இதழ் அறிவுக்கு ஓர் இணைய அட்டை வெளியிட்டது.

அடுத்தது 2022 ஜூலை 28. சென்னையில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழா. உலகமே பார்த்த மேடையில் தீயும், நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் இந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு அங்கே இல்லை. அவர் அப்போது அமெரிக்காவில் இருந்ததாகச் சொல்லப்பட்டது. சில நாளில் அறிவு ஓர் அறிக்கை வெளியிட்டார். வரிகளை எழுதியதும் மெட்டமைத்ததும் பாடியதும் தான்தான், யாரும் தனக்கு ஒரு மெட்டோ ஒரு சொல்லோ எடுத்துக் கொடுக்கவில்லை என்றார். அதே அறிக்கையில், இது கூட்டு உழைப்புதான், ஆனால் இது வள்ளியம்மாளின் வரலாறும் நிலமற்ற தோட்டத்து முன்னோர் வரலாறும் அல்ல என்று ஆகிவிடாது என்ற கருத்தையும் சொன்னார். ஒவ்வொரு கட்டத்திலும் அறிவின் பங்கைச் சொல்லியே வந்திருக்கிறோம் என்று தீ பதிலளித்தார். சந்தோஷ் நாராயணனும் விளக்கம் தந்தார். 2020 டிசம்பரில் தீ, இயக்குநர் மணிகண்டன், தான் மூவரும் பேசித் தொடங்கிய எண்ணம் இது. இசை தன்னுடையது, வரிகள் அறிவுடையவை. வருமானம் சமபங்கு என்றார். ஒப்பாரிப் பாடல்களின் தாக்கம் இருப்பதையும் குறிப்பிட்டார்.

மூன்றாம் கட்டம் 2024 மார்ச்சில் வந்தது. பாட்டு வெளியாகி மூன்றாண்டு ஆகியும் தங்களுக்கு ஒரு காசுகூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் காணொளியில் அறிவித்தார். யார் பெயர் முதலில் வரும் என்று சண்டை போட்டவர்கள் எல்லாரும் ஒரே நிலையில்தான் இருந்திருக்கிறார்கள். தோட்டத்தில் உழைத்தவர் கை வெறுங்கை என்று பாடிய பாட்டுக்கே அந்தக் கதி வந்தது.

இவர்களுள் யார் சொல்வது சரி என்று தீர்ப்பு எழுதுவது திறனாய்வாளர் வேலை அல்ல. அந்த அறைக்குள் நாம் இல்லை. ஆனால் வெளியே தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசலாம். வலையொளியில் பாட்டின் தலைப்பில் தீ பெயர் முதலில் வருகிறது, பிறகு 'ஃபீச்சரிங்' என்ற சொல்லின் சுருக்கம், அதன்பின் அறிவு. இசைத்துறையில் இந்தச் சொல் விருந்தாளியாக வந்து பாடுபவரைக் குறிக்கும். தமிழில் சொன்னால், 'இவரும் கூட இருக்கிறார்'. தன் சொந்தப் பாட்டி கதையைச் சொல்ல வந்தவர் அந்தக் கதைக்கே விருந்தாளி ஆகிவிட்டார். கெட்ட எண்ணத்தோடு யாரும் இப்படிச் செய்திருக்க வேண்டியதில்லை. வெளியீட்டுக்காரர்களின் வழக்கம் அது. இதழ் அட்டையும் விழா மேடையும் பிறகு அந்த வரிசையையே பின்பற்றின.

ஆங்கிலத்தில் ஒரு முன்கதை

இந்தச் சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியது அல்ல. 1997இல் 'தி வெர்வ்' என்ற இங்கிலாந்து மாற்று ராக் குழு 'பிட்டர் ஸ்வீட் சிம்ஃபனி' என்ற தனிப்பாடலை வெளியிட்டது. உலகம் முழுக்க ஓடியது. வரிகளை எழுதியவர் அக்குழுவின் பாடகர் ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்ட். ஆனால் பாட்டின் அடியில் ஓடும் இசைத்துண்டு, 'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழுவின் 'தி லாஸ்ட் டைம்' பாடலை 1960களில் வேறொரு குழு வாத்திய இசையாக வாசித்த பதிவிலிருந்து எடுத்தது. வழக்கு மிரட்டல் வந்தது. எழுத்துரிமை முழுவதும் மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ் பெயருக்குப் போனது. வரிகளில் ஒரு சொல்கூட அவர்களுடையது இல்லை. இருபது ஆண்டுக்கு மேல் கழித்து, 2019இல்தான் அவர்கள் அந்த உரிமையை ஆஷ்கிராஃப்டிடம் திருப்பிக் கொடுத்தார்கள்.

கதை அங்கே முடிந்திருந்தால் நிம்மதி. அந்த 'தி லாஸ்ட் டைம்' எங்கிருந்து வந்தது? 'ஸ்டேப்பிள் சிங்கர்ஸ்' என்ற கறுப்பினக் குடும்பக் குழு 1950களில் பதிவு செய்த பழைய தேவாலயப் பாட்டு ஒன்றின் மறுவடிவம்தான் அது என்று கீத் ரிச்சர்ட்ஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தத் தேவாலயப் பாட்டை முதலில் பாடியது யார்? அது 'மரபுப் பாட்டு', எனவே யாரும் கேட்கவில்லை. மேலே இருக்கிறவர்கள் பெயருக்காக இருபது வருடம் மல்லுக்கு நிற்கலாம். அடியில் இருக்கிறவருக்குப் பெயரே கிடையாது. 'மரபு' என்று ஒரு முத்திரை குத்தியதும் உரிமை கேட்க ஆளில்லாமல் போய்விடுகிறது.

இங்கேதான் என் வெண்பலகையின் நான்காவது வரி என்னை உறுத்த ஆரம்பித்தது.

என் இடுபணி

பட்டயப் படிப்பின்போது நாட்டுப்புற இலக்கியம் பற்றி ஓர் இடுபணி செய்தேன். என் பாட்டியிடம் ஒப்பாரி கேட்டு எழுதினேன். பாட்டி செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் சீவியவர். தோட்டத்தில் எங்கே சாவு விழுந்தாலும் பாட்டியைக் கூப்பிட ஆள் வரும். "அது வந்தாத்தான் சாவு வீடு சாவு வீடு மாதிரி இருக்கும்" என்பார்களாம். தாத்தா இறந்தபோது பாட்டி பாடியதையும் எனக்குச் சொன்னார். விடியற்காலையில் நெற்றி விளக்கோடு இரண்டு பேராகப் போன நிரையில் இனி ஒரு விளக்குதான் போகும் என்று அதில் ஒரு பகுதி வரும். இதை எந்த ஊரிலிருந்து யார் கொண்டுவந்திருக்க முடியும்? தமிழ்நாட்டு வயலில் நெற்றி விளக்கு ஏது, நிரை ஏது? அது பாட்டியே கட்டியது. அவர் புருஷனுக்கு, அவர் கட்டியது.

இடுபணியில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? "பாடல் வகை: ஒப்பாரி. வழங்கும் இடம்: மலேசியத் தோட்டப்புறம். ஆசிரியர்: பெயர் அறியப்படவில்லை." நல்ல புள்ளி கிடைத்தது. அச்செடுத்துக் கொண்டுபோய்ப் பாட்டியிடம் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல எம்பேரு எங்க இருக்கு?" என்று கேட்டார். "பாட்டுக்கெல்லாம் பேரு போட மாட்டாங்க பாட்டி" என்று சொன்னேன். "சரி சாமி" என்றார்.

அந்தச் 'சாமி' கொஞ்சலா, கும்பிடா என்று அன்று நான் யோசிக்கவில்லை. 'எஞ்சாமி' கேட்ட பிறகுதான் யோசித்தேன். அதற்குள் பாட்டி போய்விட்டார். அவருக்கு ஒப்பாரி பாட யாருக்கும் தெரியவில்லை. ஒலிபெருக்கியில் தேவாரம் போட்டோம்.

பெயர் அறியப்படவில்லை என்று எழுதியபோது நான் அந்தப் பெயரை நன்றாக அறிந்திருந்தேன். அவர் மடியில்தான் வளர்ந்தேன். எழுதாமல் விட்டது நான். நாட்டுப்புறப் பாடலில் ஆசிரியர் பெயர் தெரியாமல் போவது மழை வெயில் மாதிரி தானாக நடப்பதில்லை. ஒவ்வொரு முறையும் எழுதத் தெரிந்த ஒருவர், பாடத் தெரிந்த ஒருவரின் பெயரைக் கேட்காமல் விட்டிருக்கிறார். நாட்டுப்பாடல் தொகுப்புகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். அட்டையில் தொகுத்தவர் பெயர் உண்டு, பதிப்பித்தவர் பெயர் உண்டு. அவர்கள் செய்தது பெரிய தொண்டு, அதில் ஐயமில்லை. பாடிக் கொடுத்த கிழவியின் பெயரைத் தேடினால்தான் கஷ்டம்.

அதற்காக எல்லா ஒப்பாரிக்கும் ஒரே ஓர் ஆசிரியர் இருப்பார் என்று நான் சொல்லவில்லை. பாட்டியின் ஒப்பாரியில் அவர் அம்மாவிடம் கேட்ட அடிகள் இருந்தன. எல்லாருக்கும் பொதுவான உவமைகளும் இருந்தன. வாய்மொழி மரபு ஒரு பொதுக் கிணறு என்பது உண்மைதான். ஆனால் அன்றைக்கு வாளி போட்டு இறைத்தவர் ஒருவர் இருந்தார். அவரைச் சொல்வதால் கிணறு வற்றிவிடாது.

பெயர் வைத்த மரபு

இந்த விஷயத்தில் நம் முன்னோர் நம்மைவிட நாகரிகமாக நடந்துகொண்டார்கள் என்று தோன்றுகிறது. சங்கப் பாடல்களைத் தொகுத்தபோது சில பாடல்களை இயற்றியவர் பெயர் தெரியவில்லை. தொகுத்தவர்கள் 'பெயர் அறியப்படவில்லை' என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். பல இடங்களில் அப்படிச் செய்யவில்லை. அந்தப் பாட்டிலேயே ஒளிவிடும் ஒரு தொடரை எடுத்து அவருக்குப் பெயராகச் சூட்டினார்கள். செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார், தேய்புரிப் பழங்கயிற்றினார். குறுந்தொகையிலும் நற்றிணையிலும் இந்தப் பெயர்களை நாம் ஆண்டுதோறும் நடத்துகிறோம். மாணவர்கள் 'விசித்திரமான பேரு' என்று சிரிப்பார்கள். அது சிரிப்பதற்குரியது அல்ல. 'ஐயா, உங்கள் பெயர் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் நீங்கள் இருந்தீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்' என்று சொல்லும் மரியாதை அது.

ஓர் ஏர் வைத்திருந்த உழவனை உவமையாகச் சொன்னவருக்கு ஓரேருழவனார் என்று பெயர் வைத்தவர்களின் வழியில் வந்த நாம், நெற்றி விளக்கைப் பாடியவளுக்கு 'அறியப்படவில்லை' என்று எழுதுகிறோம்.

'எஞ்சாமி' பாட்டில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். அறிவு தன் பாட்டியின் பெயரைச் சொன்னார். பேட்டிகளில் சொன்னார், காணொளியில் காட்டினார். 2024இல் தன் இசைத்தொகுப்புக்கே 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயர் வைத்தார். தன்னை விருந்தாளி ஆக்கியதற்குச் சண்டை போட்டவர், பாட்டியை விருந்தாளி ஆக்கவில்லை. அந்த மாணவியின் கேள்விக்கு இப்போது என் பதில் இது: அம்மா, அந்தப் பாட்டில் இசை சந்தோஷ் நாராயணனுடையது, குரல் தீயுடையதும் அறிவுடையதும், வரிகள் அறிவுடையவை, வேர் வள்ளியம்மாளுடையது. வள்ளியம்மாளுக்கு முன்னால் இருந்தவர்களின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதற்காக 'யாருக்கும் சொந்தமில்லை' என்று சொல்லிவிடக் கூடாது.

வகுப்பறைக்கு

என் வெண்பலகைப் பட்டியலில் நான்காவது வரியை மாற்றிவிட்டேன். 'ஆசிரியர் பெயர் பெரும்பாலும் பதிவு செய்யப்படாதது' என்று எழுதுகிறேன். தேர்வில் மாணவர்கள் இப்படி எழுதினாலும் பொருள் மாறாது, புள்ளியும் குறையாது. ஆனால் 'யார் பதிவு செய்யவில்லை?' என்று அடுத்த கேள்வி தானாக வரும்.

நாட்டுப்புறப் பாடல் தொகுக்கும் இடுபணி கொடுக்கும்போது இப்போது நான்கு விவரங்களைக் கட்டாயமாக்கியிருக்கிறேன்: பாடியவர் பெயர், அவர் ஊர் அல்லது தோட்டம், யாரிடம் கற்றார், எந்தச் சூழலில் பாடினார். பாடியவர் பெயர் போட வேண்டாம் என்று சொன்னால் அதையும் மதிக்க வேண்டும். 'அவர் விருப்பப்படி பெயர் தவிர்க்கப்பட்டது' என்று எழுதச் சொல்கிறேன். சென்ற ஆண்டு ஒரு மாணவன் தன் பாட்டியின் தாலாட்டைக் கொண்டுவந்தான். பாட்டியின் பெயரை எழுதிவிட்டு, பக்கத்தில் பெருமையாகத் தன் பெயரையும் 'எழுதியவர்' என்று போட்டிருந்தான். "எழுதியவர் இல்லடா, கேட்டு எழுதியவர்" என்று திருத்தினேன். அந்த ஒரு சொல்லில் இந்தக் கட்டுரை முழுவதும் அடங்கிவிடும்.

மாணவர்கள் சிந்திக்கச் சில வினாக்கள்:

1. 'சாமி' என்ற சொல் பணிவையும் அன்பையும் ஒருசேரத் தருவது போல, இருபொருள் தரும் வேறு விளிச்சொற்கள் உங்கள் வீட்டில் வழங்குகின்றனவா? இரண்டு எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.

2. அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன் ஆகிய மூவர் கூற்றுகளில் எவை தகவல், எவை கருத்து? பிரித்து எழுதுக. யார் பக்கமும் சாயாமல் ஒரு பத்தி எழுதுக.

3. 'வாய்மொழிப் பாடல் அனைவருக்கும் பொது. அதற்குத் தனி உரிமை கேட்பது தவறு.' இக்கருத்தை ஏற்றோ மறுத்தோ ஒரு கட்டுரை எழுதுக.

4. உங்கள் குடும்பத்தில் பாட்டு, கதை, விடுகதை, பழமொழி ஏதேனும் ஒன்றைச் சொல்லும் மூத்தவர் ஒருவரைக் கண்டு அதைக் கேட்டு எழுதுக. அவர் பெயரை முதல் வரியில் எழுதுக.

நான்காவது வினாவை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். மற்ற மூன்றையும் தேர்வுக்கு முந்தின வாரம்கூடச் செய்துகொள்ளலாம்.

என் பாட்டியின் பெயர் அங்கம்மாள். பழைய இடுபணியைத் தேடி எடுத்து, 'அறியப்படவில்லை' என்ற சொல்லை அடித்துவிட்டு, மேலே அந்தப் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.